மன்னித்த பிறகும் நீதி கேட்பது ஏன்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று இடங்களில் வழிபாட்டுக்கு வந்தவர்கள் நடுவே தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. கொழும்பில் மூன்று ஹோட்டல்களும் அதே காலையில் தாக்கப்பட்டன. 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள். தாக்கியது காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிமைத் தலைவனாகக் கொண்ட ஒரு சிறு குழு. ஐ.எஸ். அமைப்பு அதற்கு உரிமை கோரியது.

அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் சொன்னார். அவரேதான் 2021 மார்ச் 7ஆம் திகதியைக் கறுப்பு ஞாயிறாக அறிவித்து, மக்களைக் கறுப்பு உடையில் ஆலயத்துக்கு வரச் சொன்னார். முழு விசாரணை வேண்டும், பின்னணியில் இருந்தவர்கள் யார் என்பது வெளியே வர வேண்டும், தடுக்கத் தவறியவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

இதைப் பார்த்துப் பலருக்குக் குழப்பம். "மன்னித்தாகிவிட்டது என்றால் விட்டுவிட வேண்டியதுதானே, பிறகு எதற்கு விசாரணையும் வழக்கும்?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். "பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகும் மன்னிப்பா, இது கையாலாகாத்தனம் இல்லையா?" என்று இன்னொரு பக்கம். இரண்டும் நியாயமான கேள்விகள். மதத்தின் பேரால் கொலை நடக்கும்போது ஒரு கிறிஸ்தவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வேதத்திலும் திருச்சபை வரலாற்றிலும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் நாம் பிரசங்கத்தில் வழக்கமாகக் கேட்பதைவிடக் கறாரானது.

மறு கன்னத்திலிருந்தே தொடங்குவோம். ஒருவன் வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இயேசு. ஆனால் பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் அவரை அறைந்தபோது அவர் என்ன செய்தார் என்பதை யோவான் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. நான் தவறாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். திருப்பி அடிக்கவில்லை. வாய்மூடி நிற்கவும் இல்லை. அடித்தவனிடமே காரணம் கேட்டார், அதுவும் விசாரணை நடக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும். பதிலடி வேண்டாம், ஆனால் அநியாயத்தை அநியாயம் என்று சொல்லாமல் விடவும் வேண்டாம். இந்த ஒரு காட்சியிலேயே கிறிஸ்தவப் பதிலின் முக்கால்வாசி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மீதியைப் பவுல் விளக்குகிறார். ரோமர் 12ஆம் அதிகாரத்தின் முடிவில் "ஒருவனுக்கும் தீமைக்குத் தீமை செய்யாதிருங்கள்" என்றும், பழிவாங்குவது கடவுளுக்குரியது என்றும் எழுதுகிறார். அதற்குச் சில வரிகளுக்குள்ளேயே, 13ஆம் அதிகாரத்தில், தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு ஆளுகிறவனுக்கு உண்டு, அவன் பட்டயத்தை, அதாவது வாளை, வீணாகப் பிடித்திருக்கவில்லை என்கிறார். அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. பவுல் இரண்டையும் ஒரே மூச்சில்தான் எழுதினார். நாம்தான் ஒன்றை ஒரு ஞாயிறும் மற்றதை இன்னொரு ஞாயிறும் வாசித்து, இரண்டுக்கும் தொடர்பில்லாதது போல ஆக்கிவிட்டோம். சேர்த்து வாசித்தால் விஷயம் தெளிவு. பாதிக்கப்பட்டவர் பழியைத் தன் கையில் எடுக்க மாட்டார். ஆனால் குற்றத்தை விசாரித்து, குற்றவாளியை அடக்கி, மற்றவர்களைக் காக்கும் கடமையிலிருந்து அரசை அவர் விடுவிக்கவும் இல்லை. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. எனக்குச் செய்த தீங்கை நான் மன்னிக்கலாம். நாளைக்கு இன்னொரு வீட்டில் விழப்போகும் சாவை இன்றைக்கே மன்னித்துவிட எனக்கு ஏது உரிமை?

ஒடிசாவில் பணியாற்றிய ஆஸ்திரேலிய மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் இதை வாழ்ந்தே காட்டினார். 1999 ஜனவரியில் அவருடைய கணவர் கிரகாம் ஸ்டெயின்ஸும் இரண்டு சிறு மகன்களும் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கும்பலால் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் அவர். அதே சமயம், மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது என்றும் தெளிவாகச் சொன்னார். வழக்கு தன் போக்கில் நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கிளாடிஸ் பாரிபடாவிலேயே தங்கி, 2004 வரை தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். மன்னிப்பும் சட்டமும் அவரிடம் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருக்கவில்லை.

நாற்பது பேர் போட்ட சபதம்

மதத் தீவிரவாதம் நம் காலத்துப் புதுமை என்று நினைப்பவர்கள் அப்போஸ்தலர் 23ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பவுலைக் கொல்லும்வரை உண்ணவும் மாட்டோம், குடிக்கவும் மாட்டோம் என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சபதம் போடுகிறார்கள். கடவுளுக்காகத்தான் செய்கிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. மதத் தலைவர்கள் சிலருக்கும் அது தெரியும். அதற்கு முந்தின இரவுதான் ஆண்டவர் பவுலுக்குத் தோன்றி, "திடன்கொள், நீ ரோமிலும் சாட்சி கொடுக்க வேண்டும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆக, பவுலுக்கு உயிர்ப் பயம் இருக்க நியாயமில்லை. ஆனாலும் தன் சகோதரியின் மகன் சதித்திட்டத்தைக் கேள்விப்பட்டு ஓடிவந்து சொன்னவுடன், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று பையனை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. உடனே, தன்னைக் காவலில் வைத்திருந்த ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி ஒருவனைக் கூப்பிட்டு, இவனைச் சேனாபதியிடம் கொண்டுபோங்கள் என்கிறார்.

சேனாபதி கிளவுதியு லீசியா நடந்துகொண்ட விதத்தைக் கவனியுங்கள். பையனைக் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப்போய், விவரத்தைப் பொறுமையாகக் கேட்கிறான். என்னிடம் சொன்னதை யாரிடமும் சொல்லாதே என்று அனுப்பிவைக்கிறான். அன்று இரவே காலாட்கள் 200 பேர், குதிரைவீரர் 70 பேர், ஈட்டிக்காரர் 200 பேரைக் கூட்டி, பவுலைச் செசரியாவுக்கு அனுப்பிவிடுகிறான். சாதாரணப் பையன் ஒருவன் கொண்டுவந்த தகவலை ஓர் அதிகாரி மதித்தான். ஓர் உயிர் பிழைத்தது.

இப்போது 2019க்கு வருவோம். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்திய உளவுத்துறையிடமிருந்து இலங்கைக்கு எச்சரிக்கை போனது. ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரும், ஆலயங்கள் இலக்காகலாம் என்பதும் இருந்தன. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே 2018 ஒக்டோபரில் வெடித்த பதவிச் சண்டையால் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படாமலிருந்த காலம் அது. தகவல் கோப்புகளில் கிடந்தது. ஆலயங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. மட்டக்களப்பில் கடைசி நேரத்தில் வந்தவனைச் சந்தேகப்பட்டு, உள்ளே விடாமல் முற்றத்திலேயே நிறுத்திய சபையார் ஒருவர் தம் உயிரைக் கொடுத்துத்தான் உள்ளே இருந்தவர்களில் பலரைக் காப்பாற்றினார். அரசு செய்யத் தவறியதை ஆலய வாசலில் நின்ற ஒரு குடும்பத் தலைவர் செய்தார்.

இதனால்தான் கொலையாளிகள் அங்கேயே செத்துப்போன பிறகும் வழக்கு தேவைப்பட்டது. இறந்தவர்களின் குடும்பத்தாரும் குருக்களும் சட்டத்தரணிகளும் தொடுத்த 12 அடிப்படை உரிமை மீறல் மனுக்களை இலங்கையின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம், ஏழு நீதியரசர்களுடன் விசாரித்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், முன்னாள் பொலிஸ்மா அதிபரும் அரச புலனாய்வுத் தலைவரும் தலா ஏழரைக் கோடியும், முன்னாள் பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகக் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. பழிவாங்கும் எண்ணம் உள்ளவர் ஒருபோதும் இந்த வழியில் போக மாட்டார்; நாலு வருடம் நீதிமன்றப் படி ஏறுவதைவிடப் பக்கத்துக் கடைக்குக் கல்லெறிவது சுலபம். எச்சரிக்கை வந்தும் அசையாத அதிகாரிக்கு விலை உண்டு என்று சட்டத்தில் எழுதவைத்தது, அடுத்த முறை ஒரு பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ வரும் எச்சரிக்கையையும் கோப்பிலிருந்து வெளியே எடுக்கவைக்கும். அயலானுக்குச் செய்யும் அன்பு என்று இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆலய வாசலில் பை சோதிப்பதும் துப்பாக்கியோடு பொலிஸார் நிற்பதும் விசுவாசக் குறைவா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். 470 படையாட்களோடு பயணம் போன பவுலைக் கேட்டுப்பாருங்கள்.

அயல் வீட்டு முஸ்லிம்

அடுத்தது கடினமான பகுதி. 2019 மே மாதம் நீர்கொழும்புப் பகுதியில் முஸ்லிம்களுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் வெடித்தபோது கர்தினால் அங்கே நேரில் போனார். ஒரு முஸ்லிமின் மீதும் கை வைக்காதீர்கள், அவர்கள் நம் சகோதரர்கள் என்று கேட்டுக்கொண்டார். அது பல இடங்களில் பலித்தது. ஆனாலும் மே நடுப்பகுதியில் குருநாகல், சிலாபம், மினுவாங்கொடை பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே, நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த அகமதியா என்ற முஸ்லிம் சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்த பாகிஸ்தான் அகதிகள் நூற்றுக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். மதவெறியர்களின் கொலை மிரட்டலுக்குப் பயந்து சொந்த நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள். பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகுட்டிகளோடு படுத்துக் கிடந்தார்கள். குண்டு வைத்தவனின் கொள்கையால் முதலில் அடிபட்டவர்களையே நாம் குண்டு வைத்தவனாகப் பார்த்தோம்.

"பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. நீதிமன்றக் கூண்டில் ஏறுகிறவனுக்கு மட்டும்தான் அது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பும் விரலுக்கும் அதுவேதான். குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு கதை 2019 மே மாதம் நாடு முழுக்கப் பரவியது. அவர் கைதானார். விசாரித்த குற்றப் புலனாய்வுப் பிரிவு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அதற்குள் ஒரு குடும்பத்தின் வாழ்வு தலைகீழாகிவிட்டது. அதைப் பகிர்ந்தவர்களில் ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர்கள் எத்தனை பேரோ.

அரசின் பட்டயமும் தவறான கழுத்தில் விழலாம். மன்னாரைச் சேர்ந்த இளம் முஸ்லிம் கவிஞர் ஒருவர், தமிழில் எழுதிய கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். அந்தத் தொகுப்பிலேயே வன்முறையை எதிர்க்கும் கவிதைகள் இருந்தன. தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடியது அது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. குற்றமற்றவர் என்று விடுவிக்க 2023 டிசம்பர் ஆனது. 1979இல் வந்த இந்தச் சட்டம் தமிழ் இளைஞர்களை எத்தனை ஆண்டுகள் விளக்கமறியலில் அடைத்துவைத்தது என்பது தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்கு அநியாயமாக இருந்த சட்டம், அயல் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நியாயமாகிவிடாது.

வாக்குச் சீட்டுக்கும் இதே அளவுகோல்தான். குண்டுவெடிப்பு நடந்த சில நாட்களுக்குள்ளேயே கோத்தாபய ராஜபக்ஷ தேசியப் பாதுகாப்பை முன்வைத்துத் தேர்தலில் நிற்பதாகச் சொன்னார். நவம்பரில் வென்றார். கத்தோலிக்கர் செறிந்து வாழும் மேற்குக் கரையிலும் பலர் அவருக்கே வாக்களித்தார்கள். அவர்களுடைய பயம் பொய்யல்ல. ஆனால் அந்த ஆட்சியில்தான் கொவிட்டால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டன. 20 நாள் குழந்தை ஒன்றும் தப்பவில்லை. பொரளை மயானத்தின் கதவில் வெள்ளைத் துணி கட்டிப் பல மதத்தவரும் எதிர்ப்புக் காட்டினார்கள். 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. உயிர்த்த ஞாயிறு விசாரணையோ கர்தினாலுக்கே நம்பிக்கை போகும் அளவுக்கு இழுபட்டது. பாதுகாப்புத் தருகிறேன் என்று ஒரு வேட்பாளர் வரும்போது, யாரிடமிருந்து, யாருக்கு, எந்தச் சட்டத்தின்படி என்று ஒரு கிறிஸ்தவ வாக்காளர் கேட்டே ஆக வேண்டும்.

நம் கையில் உள்ள கறை

சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து நெருப்பு இறங்கி இவர்களை அழிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டவர்கள் யாக்கோபும் யோவானும். இயேசுவோடு உண்டு உறங்கியவர்கள். அவர் திரும்பி அவர்களைத்தான் அதட்டினார். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றதற்குச் சம்மதித்து நின்ற சவுல்தான் பிறகு பவுல் ஆனார். ஆக, மதவெறி எங்கோ வெளியே இருக்கும் ஒரு மதத்தின் நோய் என்று கிறிஸ்தவர் பேச வழியே இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் இந்தச் சிக்கலில் நேரடியாக நின்றவர். வட ஆப்பிரிக்காவில் திருச்சபையிலிருந்து பிரிந்துபோன டோனாட்டஸ் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆயுதக் கும்பல் அவருடைய குருக்களில் ஒருவரைக் கொன்றது. இன்னொருவரின் கண்ணைப் பிடுங்கி, விரலை வெட்டியது. செய்தவர்கள் பிடிபட்டு ஒப்புக்கொண்டார்கள். 412 வாக்கில் அகுஸ்தீனார், வழக்கை விசாரித்த ரோம அதிகாரி மார்செல்லீனுசுக்குக் கடிதம் எழுதினார். அவர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் செய்ததையே அவர்களுக்குச் செய்யாதீர்கள், உயிரை எடுக்காதீர்கள், உறுப்பை வெட்டாதீர்கள், இனித் தீங்கு செய்ய முடியாதபடி கட்டுப்படுத்திப் பயனுள்ள வேலையில் வையுங்கள் என்று கெஞ்சினார். 1,600 ஆண்டுகளுக்கு முந்திய கடிதம். பயங்கரவாதிக்கு என்ன தண்டனை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான கிறிஸ்தவப் பதிலை நான் வாசித்ததில்லை.

ஆனால் அதே அகுஸ்தீனார், சில ஆண்டுகளுக்கு முன்பு, டோனாட்டஸ் பிரிவினரைச் சட்டத்தின் பலத்தால் திருச்சபைக்குள் கொண்டுவரலாம் என்றும் எழுதியிருந்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் மாற்றுக் கருத்துக்காரர்களை ஒடுக்கியவர்கள் அந்த வாதத்தை எடுத்துக்கொண்டார்கள். குற்றத்தைத் தடுக்க அரசின் பலத்தைக் கேட்பது ஒன்று. நம்பிக்கையைத் திணிக்க அதே பலத்தைக் கேட்பது வேறு. கிறிஸ்தவர் இந்தக் கோட்டைத் தாண்டியபோதெல்லாம் இரத்தம் சிந்தியது. எந்தச் சந்தர்ப்பத்திலும் ஆயுதம் கூடாது என்று 16ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவரும் மெனோனைட் சபையார், இந்த ஆபத்தை மற்ற சபைகளைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்.

காத்தான்குடி என்றால் சஹ்ரானின் ஊர் என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கும் தமிழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி அதே ஊரின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. அது மதத்தின் பேரால் செய்யப்பட்டதல்ல. ஆனாலும் வழிபாட்டில் இருந்தவர்கள்மேல் விழுந்த குண்டுகள் அவை. மட்டக்களப்பில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் தன் முஸ்லிம் அயலாரிடம் சீயோனின் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது, அவர் அந்தப் பள்ளிவாசலைப் பற்றிச் சொல்வதையும் கேட்க வேண்டும்.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர்களோடு பழகுகிறவர்களுக்கு ஒன்று. மன்னித்துவிட்டாயா என்று அவர்களை நச்சரிக்காதீர்கள். மன்னிப்பை அறிவிக்கும் உரிமை அடிபட்டவருடையது. போதகரோ பங்குத்தந்தையோ அதை அவர் வாயிலிருந்து பிடுங்கிப் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது. வெளிப்படுத்தல் 6ஆம் அதிகாரத்தில் இரத்தசாட்சிகளின் ஆத்துமாக்களே பலிபீடத்தின் கீழிருந்து "எதுவரைக்கும்?" என்று நியாயம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள், ஏன் கேட்டீர்கள் என்று கடவுள் அவர்களைக் கண்டிக்கவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களில் உடலில் குண்டுச் சிதறலோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், பார்வை இழந்தவர்கள் இருக்கிறார்கள், சம்பாதிக்கும் ஆளை இழந்து பள்ளிக் கட்டணத்துக்குத் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். இழப்பீட்டுப் படிவத்தை நிரப்ப ஆள் வேண்டும், வழக்கு நாளில் கூடப் போக ஆள் வேண்டும், சிகிச்சைக்குக் கொழும்பு போய்வரப் பணம் வேண்டும். சபை அதை முதலில் செய்யட்டும்.